அமாவாசையில் கூடிய பெற்றோர்

பங்குனி வெயிலில் வீடு வீடாகப் போய், "உங்க பிள்ளையை எங்க பள்ளிக்கூடத்துல சேருங்க" என்று கெஞ்சியிருக்கிறீர்களா? அப்படியென்றால் நீங்களும் என்னைப் போல அரசுத் தொடக்கப்பள்ளி டீச்சர்தான். வாங்க, பக்கத்தில் உட்காருங்க. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் பள்ளிக்கு அந்த வருஷம் வாழ்வா சாவா நிலைமை. ஒன்றாம் வகுப்பில் பிள்ளைகள் சேராவிட்டால் இழுத்து மூடிவிடுவார்கள்.

குழிக்குள் சிக்கியவர்

நோட்டீசோடு நான் நெசவாளர் தெருவில் நுழைந்தாலே ஆண்கள் மாயமாகிவிடுவார்கள். ஆறுமுகம் மட்டும் மாட்டினார். தறிக்குழிக்குள் காலை விட்டு நெய்துகொண்டிருக்கும் மனுஷன் எப்படி ஓடுவார்? பக்கத்திலேயே சட்டமாக உட்கார்ந்துகொண்டேன். "பெற்றோர் கூட்டம்னா ஒரு அப்பாகூட எட்டிப் பாக்குறதில்லையே, நியாயமா?" என்று சண்டையே போட்டேன். அவர் கை நிற்கவில்லை.

"வெள்ளிக்கிழமை கூட்டம் போட்டா யாரு வருவாங்க டீச்சர்? தறிக்கு அமாவாசைதான் லீவு. அன்னிக்குக் கூப்புடுங்க, தெருவே வரும்!"

பின்வரிசை

அட, இத்தனை வருஷமாக இது தோன்றவில்லையே! தலைமையாசிரியர் தயங்கினார், நான் விடவில்லை. அமாவாசையன்று அப்பாக்களும் அம்மாக்களுமாக வந்து குவிந்தார்கள். பேச்செல்லாம் பேசவில்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னால் அவர்களை உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். பிள்ளைகள் எழுந்து எழுந்து வாசித்தார்கள். வந்திருந்த அம்மாக்களில் செல்வியும் ஒருத்தி; அவள் மூத்த பையன் தனியார் பள்ளியில் படிக்கிறான். சின்னவளையும் அங்கேயே சேர்ப்பதாக இருந்தவள். பாடம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"பெரியவன் ஸ்கூல்ல வாட்ச்மேனைத் தாண்டி நான் உள்ள போனதே இல்ல டீச்சர். சின்னவளை இங்கயே சேத்துக்குங்க, நானும் அப்பப்ப வந்து பாத்துக்கினு இருப்பேன்."

ஹாரன் சத்தம்

பாபு தனியார் பள்ளி வேன் ஓட்டுபவர். எங்கள் தெருப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு அவர் ஹாரன் அடித்துப் போகும்போதெல்லாம் என் வயிறு எரியும். பள்ளி திறந்த அன்று அந்த வேன் எங்கள் வாசலிலேயே வந்து நின்றது. "இங்கயும் ஆள் புடிக்க வந்துட்டீங்களா?" என்று பாய்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே பின்கதவைத் திறந்து, புது ரிப்பன் கட்டிய தன் மகளை இறக்கிவிட்டார்.

"சண்டையை அப்புறம் போட்டுக்கலாம் மேடம், மொதல்ல என் பொண்ணு பேரை எழுதுங்க. அமாவாசை அன்னிக்குப் பின்னால நின்னுக்கினு நானும் பாத்தேன்ல!"

ஒன்றாம் வகுப்பு நிரம்பி, பள்ளியை மூடும் பேச்சே ஒழிந்துவிட்டது. பெற்றோர் வருவதில்லையே என்று புலம்பிய நான்தான், இப்போது பாதிப் பாடத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கும் அம்மாக்களை எப்படி வீட்டுக்கு அனுப்புவது என்று தெரியாமல் முழிக்கிறேன்.