என் லாகினைப் பூட்டிய பிளேஸ்மென்ட் சார்

அந்த ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அவர் அங்கே பிளேஸ்மென்ட் ஆபீசர், நான் இறுதியாண்டு மாணவி. அட்மிஷன் நேரம் வந்தால், வேலை கிடைத்த பிள்ளைகளின் முகங்களைப் போட்டு பஸ் ஸ்டாண்டில் ஃபிளெக்ஸ் கட்டுவது எங்கள் பக்கத்துக் கல்லூரிகளின் வழக்கம். அந்த வருடம் முகங்கள் போதவில்லை. லேபில் இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"சும்மா ஒரு போட்டோதாம்மா. பொண்ணுங்க முகமே கம்மியா இருக்கு."

போய் நின்றேன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில், நான் கேள்வியே படாத ஒரு கம்பெனியின் பெயருக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது என் முகம். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து மாமா ஸ்வீட்டோடு வந்துவிட்டார். அவரிடம் உண்மையைச் சொல்வதற்குள் அப்பாவுக்கு வியர்த்துவிட்டது.

அடுத்த மாதம் நிஜமாகவே ஒரு நல்ல சென்னைக் கம்பெனி வந்தது. அதற்காகத்தான் வருடம் முழுக்கப் படித்திருந்தேன். கல்லூரி போர்ட்டலில் விண்ணப்பிக்கப் போனால் உள்ளேயே விடவில்லை. ஒருவருக்கு ஒரு வேலைதான் என்பது விதி. 'பிளேஸ்டு' என்று குறித்துவிட்டால் லாகின் தானாகப் பூட்டிக்கொள்ளும். போட்டோ எடுத்த அன்றே என்னைக் குறித்திருக்கிறார்.

"சார், அந்தக் கம்பெனி நம்ம காலேஜுக்கு வரவே இல்லியே. அந்த லிஸ்ட்லேர்ந்து என்னை எடுத்து வுட்ருங்க சார்."

"எடுத்தா பர்சன்டேஜ் கொறைஞ்சிடும்மா. மேனேஜ்மென்ட்டுக்கு ரிப்போர்ட் போயிடுச்சி. இதவிட பெருசா வரும், வெயிட் பண்ணு."

ஒன்றும் வரவில்லை. படித்து முடித்துக் கடலூரில் ஒரு செல்போன் கடையில் பில் போட்டேன். ஒவ்வொரு பில்லுக்கும் அவரைத் திட்டினேன். பிறகு சென்னை, சின்னச் சின்ன வேலைகள், கடைசியில் ஒரு பெரிய கம்பெனியின் ஆள் எடுக்கும் பிரிவு. எந்தக் கல்லூரிக்குப் போவது என்று இன்று முடிவு செய்வது நான்.

போன வருடம், எங்கள் கம்பெனியை அந்தக் கல்லூரிக்கு அழைக்க அவரே வீடியோ காலில் வந்தார், பக்கத்தில் பிரின்சிபால். என்னை அடையாளம் தெரியவில்லை. "வணக்கம் மேடம்" என்று குழைந்தார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அது எனக்குப் போதாது.

"வர்றோம் சார். ஆனா எங்க லிங்க்லதான் அப்ளை பண்ணணும். இறுதியாண்டு பசங்க எல்லாரும் பண்ணலாம், உங்க போர்ட்டல் என்ன சொன்னாலும் சரி."

அவர் வாயைத் திறப்பதற்குள் பிரின்சிபால் சரி என்றுவிட்டார்.

தேர்வு நாளன்று செமினார் ஹாலில், பிரின்சிபாலை மேடையில் வைத்துக்கொண்டே கேட்டேன்: "போர்ட்டல்ல பிளேஸ்டுன்னு காட்டுது, ஆனா எந்த ஆஃபர் லெட்டரும் கையில இல்ல. அப்படி இருக்கறவங்க கை தூக்குங்க."

முதலில் ஒரு பெண் தூக்கினாள். அவளைப் பார்த்து வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. பிரின்சிபால் பிளேஸ்மென்ட் சார் பக்கம் திரும்பினார். சாரின் முகம் வெளுத்ததை நான் ஆசைதீரப் பார்த்தேன். கரும்பு தின்னக் கூலியா என்பார்கள். எனக்கு அன்று சம்பளமே கொடுத்தார்கள்.

கார் வரைக்கும் பின்னாலேயே வந்தார். "ஏதாவது தப்பு நடந்திருந்தா மன்னிச்சிடுங்க மேடம்."

நின்று என் முகத்தை நன்றாகக் காட்டினேன். பார்த்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டது கம்பெனி மேடத்திடம். பூட்டிவிட்ட பெண்ணை அவர் எப்போதோ மறந்துவிட்டார்.

நான் யார் என்று சொல்லவில்லை. சொன்னால், பழைய மாணவியின் பகை என்று கதை கட்டித் தப்பித்துவிடுவார். அடுத்த வருடமும் அந்தக் கல்லூரிக்கு நானே போகிறேன் என்று மேலாளரிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.