சிறுபோகக் கூட்டத்தில் தங்கச்சியின் வயல்

எங்கள் வயல் வட்டையின், கோடை நெல்லான சிறுபோகத்துக்குரிய ஆரம்பக் கூட்டம் காலை ஒன்பதரைக்கு என்று கடிதத்தில் இருந்தது. நான் ஒன்பதேகாலுக்குப் போனேன். தொடங்கியது பத்து ஐம்பத்திரண்டுக்கு. அதுவரை மண்டபத்துக் கதிரைகளை எண்ணினேன்: நூற்றுப் பதினெட்டு, அதில் ஆறு, கால் உடைந்தவை. நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்துநான்கு வருஷம் படம் வரைந்தவனுக்கு எண்ணாமல் இருக்க ஏலாது.

குளத்தில் அன்றைக்குப் பதினொன்றரை அடி தண்ணீர். வட்டை முந்நூறு ஏக்கர். அந்தத் தண்ணீர் பாதிக்குத்தான் காணும். இதற்கு ஒரு பழைய வழமை இருக்கிறது. குளத்துக்குக் கிட்டவுள்ள மேல்கண்டத்தை மட்டும் விதைத்து, கீழ்க்கண்டத்துக்காரருக்கும் அங்கேயே அந்தப் போகத்துக்கு மட்டும் துண்டு பிரித்துக் கொடுப்பது. போன சிறுபோகம் அதைச் செய்யாமல் எல்லாரும் முழுக்க விதைத்தார்கள். முறைவைத்துத் திறக்கிற தண்ணீரில் கடைசி இரண்டு முறை கீழே வந்து சேரவில்லை.

கீழே என் தங்கச்சிக்கு இரண்டு ஏக்கர். வாப்பா சீதனமாகக் கொடுத்தது. புருஷன் மௌத்தாகி ஏழு வருஷம்; அந்த நெல்தான் அவளுக்குச் சோறு. போன போகம் கதிர் தள்ளுகிற நேரத்தில் கருகிப்போய், மாட்டுக்கு விட்டாள். இன்னொரு தரம் கருகினால் கடனில் காணி கைமாறிவிடும். அதற்காகத்தான் கொப்பியில் பதினான்கு விடயம் எழுதிக்கொண்டு போனேன்.

"பள்ளியில வெள்ளிக்கிழமைக் குத்பாவுக்கே ஆக்கள் தூங்குறாங்க," என்றாள் என் மனைவி, "நீங்க பதினாலு கொண்டு போறீங்க."

எனக்கு முன்னர் பேசியவர் அவளுடைய தம்பி, என் மச்சான். கலியாண வீடோ பரிசளிப்பு விழாவோ, மைக் அவர் கையில்தான். மேல்கண்டத்தில் அவருக்குப் பன்னிரண்டு ஏக்கர்; வழமைப்படி செய்தால் அதிலும் துண்டு பிரிக்க வேண்டும். இந்த முறையும் எல்லாரும் முழுக்க விதைப்போம் என்று பத்தொன்பது நிமிஷம் பேசினார்.

"விதைக்கிறதுதான் நம்மட வேலை, முளைப்பிக்கிறவன் அல்லாஹ். தண்ணிய அடியால அளக்கிறவங்க, அவன்ட ரஹ்மத்த, அருள எதால அளக்கப் போறாங்க?"

எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அல்லாஹ்வின் பெயரை இருபத்துமூன்று தரம் சொன்னார். குளத்தை இரண்டு தரம். தன் பன்னிரண்டு ஏக்கரை ஒரு தரமும் இல்லை. எனக்கு எரிச்சல் மூட்டியது என்னவென்றால், அவர் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. உண்மையான ஒரு பேச்சைக் கொண்டுவந்து, சொல்ல வேண்டிய இன்னொன்றுக்கு முன்னால் நிறுத்தி மறைத்துவிட்டார். அதற்கு மறுப்புச் சொல்ல எழும்புகிறவன் அல்லாஹ்வுக்கே மறுப்புச் சொல்கிற மாதிரி ஆகிவிடுகிறது.

நான் எழும்பினேன். நாலாவது விடயத்தில் தேத்தண்ணி வந்தது. ஆறாவதில் முன்வரிசைக்காரர் ஒருவர், "சேர், ஏழாவத நாளைக்கு வெச்சுக்குவமே," என்றார். சிரித்தார்கள். தண்ணீரைப் பற்றிப் பேசுகிறேன், தேத்தண்ணி குடிக்கிறார்கள். கொப்பியை மூடினேன்.

"போன போகம் கருகினது யார்ட வயல் தெரியுமா? என்ட தங்கச்சிட. புருஷன் இல்லாதவ. கருகின பயிர மாட்டுக்கு விட்டுட்டு வந்து குந்தினவ, மூணு நாளா அவட அடுப்பு எரியல்ல."

கோப்பைச் சத்தம் நின்றது. மச்சான் குனிந்துகொண்டார். என் வாழ்நாளில் நூறு பேர் என் வாயைப் பார்த்தது அன்றைக்குத்தான். அது எனக்கு இனித்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும். அந்த மூன்று நாள் எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நான் அவள் அடுப்பைப் போய்ப் பார்க்கவில்லை. எதையும் எண்ணாமல் சொல்லாத நான், எண்ணாமல் சொன்னேன்.

பெண்கள் பக்கத்தில் இருந்த தங்கச்சி எழும்பினாள். எங்களில் அண்ணனைக் காக்கா என்பது.

"மூணு நாளா, காக்கா? யாரு எண்ணின?"

யாரோ இருமினார்கள்.

"என்ட அடுப்பு ஒரு நாளும் அணையல்ல. நான் யார்ட காணியிலயும் துண்டு கேட்டு வரவுமில்ல. எல்லாரும் விதைச்சா நானும் விதைப்பன்."

கூட்டத்தை நடத்திய உத்தியோகத்தர், முழு விதைப்பா துண்டு பிரிப்பா என்று கையை உயர்த்தச் சொன்னார். கீழ்க்கண்டத்துக்காரர் இருபத்தொன்பது பேர் வந்திருந்தார்கள். இருபத்தொன்பது பேரும் முழு விதைப்புக்கே கையை உயர்த்தினார்கள். தங்கள் வயலைத் தாங்களே காய வைப்பதற்கு. வேறு என்ன செய்வார்கள்? மேல்கண்டத்தில் துண்டு எடுப்பது அவர்களுடைய உரிமை. நான் அதை அடுப்பு எரியாதவர்களுக்குக் கொடுக்கிற தருமமாக, ஸதகாவாக ஆக்கிவிட்டேன். நபி மீது ஸலவாத்துச் சொல்லிக் கூட்டத்தை முடித்தார்கள். ஸலவாத்துக்குப் பிறகு எங்களில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

வெளியே ஓட்டோவில் ஏறப்போனவளைப் பிடித்தேன்.

"ஒன்ட நன்மைக்குத்தானேகா சொன்ன."

"என்னட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேட்டிருந்தா நானே எழும்பிக் கதைச்சிருப்பன். இல்லாத மூணு நாளச் சேத்திருக்கவும் மாட்டன்."

மூன்றாம் நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். இருபத்தொன்பது வீட்டுக்கும் போய், அடுப்புக் கதை என் கற்பனை என்று சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன்.

"வேணாம். ஒரு மண்டபத்தோட போனத இருபத்தொம்பது வீட்டுக்கும் கொண்டு போகாதீங்க." என் கையிலிருந்த கொப்பியைப் பார்த்தாள். "மறுகா, கீழுக்கு எத்தன முறை தண்ணி வரும்?"

"ஆறு. அதுக்கு மேல வராது. முதலாவது காரணம் என்னண்டா..."

"ஆறு காணும்."

ஒரு ஏக்கர்தான் விதைப்பது, மற்றதில் அதிகம் தண்ணீர் கேட்காத கௌபிப் பயறு போடுவது என்று தீர்மானித்தாள். இரண்டு ஏக்கருக்கு வருகிற தண்ணீரை ஒரு ஏக்கரில் தேக்கினால் ஆறு முறை காணும். அடுத்த நாள் கீழ்க்கண்டத்தில் காணி உள்ள ஆறு பெண்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள். நானும் வரட்டுமா என்றேன். "வாங்க, கதைக்காதீங்க," என்றாள்.

நாலு நிமிஷம் பேசினாள். போன போகம் தன் வயலில் நடந்ததை, எந்தக் கிழமை மஞ்சளானது, எப்போது மாட்டை விட்டது என்று நடந்தபடியே சொன்னாள். தான் ஒரு ஏக்கர்தான் செய்யப்போவதாகவும், மற்றவர்கள் அவரவர் யோசித்துக்கொள்ளும்படியும் சொன்னாள்.

"ஆறு முறைதான் தண்ணி. காக்காதான் எண்ணின."

"மூணு நாள் எண்ணின மாதிரியா?" என்றாள் ஒருத்தி.

எல்லாரும் சிரித்தார்கள். தங்கச்சிதான் கூடச் சிரித்தாள். எனக்குச் சொல்ல எட்டு விடயங்கள் இருந்தன, சொல்லவில்லை. ஐந்து பேர் அவளைப் போலவே பாதி விதைத்தார்கள்.

ஆறாவது முறையோடு தண்ணீர் நின்றது. தங்கச்சிக்கு இருபத்திரண்டு மூட்டை. வருஷத்துக்குப் போதாது, ஆனால் காணி அவளிடம் இருக்கிறது. மச்சான் போகிற கலியாணமெல்லாம், "பாத்தீங்களா, தண்ணி வந்துதானே," என்று சொல்லித் திரிகிறாராம். கீழ்க்கண்டத்தில் கருகிய வயல்களை நான் வாய்க்கால் வரம்பில் நடந்துபோய் எண்ணினேன். பதினேழு. அவை யாருடையவை என்று இங்கே எழுதவில்லை. இன்னும் அவர்களிடம் போய்க் கேட்கவில்லை.