சால்மனுக்கு ஈ கட்டிய கதை

மீன்பிடிச் சாமான் கடை வேலை என்பது, மீனைக் கண்ணால் காணாமல் நாள் முழுக்க மீனைப் பற்றியே கதைக்கிற வேலை. கவுண்டருக்குப் பின்னால் நின்று நின்று கால் வீங்கிய என் இனத்தாரே, உங்களுக்குச் சொன்னால் விளங்கும்.

எண்பதுகளின் நடுவில் ஓக்லாந்தின் ஹென்டர்சன் கடைத்தெருவில் அப்படியொரு கடையில் சேர்ந்தேன். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தியவன். மெல்லிய கம்பி சுற்றிப் பழகிய விரல் என்று, தூண்டில் ரீல் திருத்த என்னை எடுத்தார்கள். முதலாளி மல்கம் முதல் நாளே சொல்லிவிட்டார்: நாட்டின் தெற்குத் தீவில் சால்மன் மீன் பிடிக்கப் போகிற ஐந்து வாடிக்கையாளர்களின் ஆயத்தம் முழுவதும் என் பொறுப்பு. பயணம் சரிவந்தால் வேலை நிரந்தரம், கையில் கடிதம். அந்தக் கடிதம் இருந்தால்தான் ஊரில் இருக்கிற மனைவி சரஸ்வதிக்கும் மகளுக்கும் விசா கேட்கலாம். ஆகவே அந்த ஆற்றில் ஒரு சால்மனாவது வாய் திறக்க வேண்டும் என்று, சைவக்காரனான நான் பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தேன்.

ஈரமான ஈ

தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, பூச்சி மாதிரிச் செய்து மீனை ஏமாற்றுவதுதான் இந்த வித்தை. அந்தப் பொய்ப் பூச்சிக்குப் பெயர் ஃப்ளை. நம் பாஷையில் ஈ. நான் சேர்ந்த இரண்டாம் கிழமை பிரையன் கடைக்குப் போன் எடுத்தார். பிளாக்ஹவுஸ் பே பகுதியில் வீடு கட்டிக் கொடுக்கிறவர், பயணம் போகிற ஐவரில் மூத்தவர். “இரண்டு டசின் வெட் ஃப்ளை எடுத்து வை, வெள்ளிக்கிழமை வருகிறேன்” என்றார். வெட் என்றால் ஈரம், அதுகூடத் தெரியாதா எனக்கு? இருபத்துநாலு நல்ல ஈயாகப் பொறுக்கி, ஜாம் போத்தலில் தண்ணீர் விட்டு ஊறப் போட்டேன். கடலை ஊறப் போடுகிற வீட்டில் பிறந்தவன் வேறு என்ன செய்வான்?

வெள்ளிக்கிழமை போத்தலைப் பெருமையாகத் தூக்கிக் கொடுத்தேன். தண்ணீர் தேநீர் நிறம், முள்ளெல்லாம் துரு. மேலே மிதக்காமல் தண்ணீருக்குள் அமிழ்கிற ஈக்குத்தான் அந்தப் பெயராம். எங்கள் பேச்சுச் சத்தம் கேட்டு மல்கமும் பின்னறையிலிருந்து வந்து பார்த்தார். என் கடிதம் போய்விட்டது என்றே நினைத்தேன். பிரையன் ஓர் ஈயை வெளியே எடுத்து உதறிவிட்டுச் சொன்னார்: “நான் கேட்டது நனைந்ததை இல்லை, நனையப் போகிறதை.”

ஈ உத்தியோகம்

பழுதாக்கிய இருபத்துநாலையும் நானே கட்டித் தருகிறேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். மல்கம் ஒரு குட்டி இடுக்கியும் ஒரு பெட்டி இறகும் தந்தார். முதல் நாலும் செத்த கரப்பான் மாதிரி வந்தன. ஐந்தாவது ஈயாக வந்தது. பிறகு ரேடியோக் கம்பி சுற்றிய விரலுக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. சிவப்பும் மஞ்சளுமாக நான் கட்டியதைப் பார்த்து மல்கமே தலையாட்டினார்.

சந்தோஷம் தாங்காமல் அன்றே ஊருக்குக் கடிதம் எழுதினேன்: ‘கடையில் இப்போது நாள் முழுக்க ஈதான் என் வேலை. முதலாளிக்கு வலு திருப்தி.’ எழுதும்போது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வியாபாரம் படுத்த கடையில் என்ன ஓட்டுவார்கள் என்று தமிழ் தெரிந்த எவருக்கும் தெரியும். சரஸ்வதியின் பதில் மூன்று கிழமையில் வந்தது. மகளின் இருமலைப் பற்றியெல்லாம் எழுதிவிட்டு, கடைசி வரியில் கேட்டிருந்தாள்: “ஈ ஓட்டுறதுக்கு அவ்வளவு தூரம் பிளேன் ஏறிப் போகவேணுமே? அதை இஞ்ச எங்கட ரேடியோக் கடையிலயே வடிவாச் செய்தனீங்கள்தானே!”

இரண்டு விண்ணப்பம்

ஐவரில் ஒருவர் கிருஷ்ணா. மங்கரேயில் விமானநிலையச் சரக்குக் கிடங்கில் வேலை. ஃபிஜிக்காரர், தென்னிந்திய வம்சம், கொஞ்சம் தமிழ் பேசுவார். அவர்கள் போகிற ஆறு ஒரு சங்கத்தின் பராமரிப்பில் இருந்தது. சட்டங்களை நான்தான் வாசித்துக் காட்டினேன். அனுமதிச் சீட்டு வேண்டும். பாலத்துக்கு மேலே ஈ மட்டும்தான். ஒரு நூலுக்கு ஒரு முள், ஒரு நாளைக்கு இரண்டு மீன். காவலர் கேட்டால் சீட்டைக் காட்ட வேண்டும்.

வாசிக்க வாசிக்க அவர் முகம் சுருங்கியது. முள்ளில் ஒரு துண்டு இறால் செருகினால் யாருக்குத் தெரியும் என்று மெல்லக் கேட்டார். எனக்குப் பதறிவிட்டது. பிடிபட்டால் பயணம் குழம்பும், பயணம் குழம்பினால் என் பெண்சாதி பிள்ளை வர முடியாது என்று முழுவதையும் கொட்டிவிட்டேன். அதோடு இறால் பேச்சு நின்றது. சீட்டில் பெயர், விலாசம், கையெழுத்து எல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக எழுதிவிட்டுச் சொன்னார்: “அண்ணா, மீனைப் பாக்க நான் ஃபார்ம் எழுதுறேன். சம்சாரத்தைப் பாக்க நீங்க எழுதுங்க. ரெண்டு பேரும் பாஸ் ஆவோம்!”

வெறும் ஐஸ் பெட்டி

பத்து நாள் கழித்து ஐவரும் நேரே கடைக்கு வந்தார்கள். வெயிலில் மூக்குத் தோல் உரிந்திருந்தது. ஐஸ் பெட்டியில் ஐஸ்கூட இல்லை. கிருஷ்ணாவின் ஈயை ஒரு பெரிய சால்மன் கவ்வி, கரைக்கு இரண்டு முழம் இருக்கும்போது நூலை அறுத்துக்கொண்டு போய்விட்டதாம். ஐந்து பேருக்கும் சேர்த்து நடந்தது அவ்வளவுதான். பிள்ளையாரை மனதுக்குள் நன்றாக ஏசினேன்.

ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகிற மாதிரித் தெரியவில்லை. அந்த மீனின் நீளத்தை ஆளுக்கொரு அளவாகக் கையால் காட்டினார்கள். தடித்த நூல் கேட்டார்கள். பிரையன் அடுத்த பருவத்துக்கு ஐந்து டசின் ஈ வேண்டும் என்றார், அதுவும் நான் கட்டியதுதான் வேண்டுமாம். மல்கம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு அவர்களை அனுப்பிவிட்டு, டைப்ரைட்டரில் ஒரு தாளைச் செருகினார். “மீன்தான் கிடைக்கவில்லையே” என்றேன். அவர் நிமிராமலே சொன்னார்: “மீன் கிடைத்தவன் சமையலறைக்குப் போவான், தப்பவிட்டவன் கடைக்கு வருவான். சரி, உன் மனைவியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொல். மெதுவாக.”

பிடித்த மீனால் பிழைத்தவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். தப்பிப் போன மீனால் பெண்சாதி பிள்ளையின் முகம் கண்டவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான்.