சந்தனப் பொட்டின் மேல் போட்ட பழி

என் மகள் கீர்த்தனா சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் திறக்காமல் கிடந்தாள். அவளை அங்கே படுக்க வைத்தது நான் காருக்கு வைத்த சந்தனப் பொட்டுதான் என்று என் கூடப்பிறந்த தம்பி சொன்னான். அம்மனை நம்புகிற சகோதரிகளே, அந்த வாரம் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

எங்கள் ஊர் ராசிபுரத்துக்குப் பக்கம். வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடநாட்டுக்குப் போனால் திரும்பி வர மாதக்கணக்காகும். வெளிவேலை எல்லாம் என் தலையில்தான். தம்பி சரவணன் சேலத்தில் பழைய கார் வாங்கி விற்கிறவன். போன வைகாசியில் ஒரு எலக்ட்ரிக் காரைக் கொண்டு வந்து எங்கள் வாசலில் நிறுத்தினான்.

"பெட்ரோல் பங்க் பக்கமே போக வேண்டியதில்லீங்க்கா. ரோட்டுல இருக்கற கோட்டைப் பாத்து அதுவே ஸ்டேரிங்கைத் திருப்பிக்கும். முன்னாடி வண்டி வந்தா அதுவே பிரேக் போட்டுக்கும். மாமா ஊர்ல இல்லாதப்ப உனக்கு ஒரு தொணை மாதிரி" என்றான்.

அவன் சொன்னால் எனக்கு வேதவாக்கு. வாங்கிவிட்டேன். மோட்டார் கொட்டகையில் பிளக்கைச் சொருகிவிட்டுப் படுத்தால், விடிந்ததும் வண்டி தயாராக இருக்கும். சத்தமே வராது. ஹாரன் அடித்தால்தான் வாசலில் மேயும் கோழிகூட நகரும். பைபாஸில் ஏறியதும் ஸ்டேரிங் தானாகவே லேசாக அசைந்து கோட்டுக்குள் நிற்கும். முதலில் பயந்தேன், பிறகு அசந்து போனேன்.

பழைய காரானாலும் வீட்டுக்குப் புதிதாக வண்டி வந்தால் நாம் என்ன செய்வோம்? சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். முன் கண்ணாடியின் உச்சியில் நடுவே ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருந்தது. அதுதான் வண்டியின் கண் என்று தம்பி காட்டினான். கண் இருந்தால் நெற்றியும் இருக்குமே! அந்தக் கண்ணில் படாமல், அதற்கும் மேலே கூரை விளிம்பில் சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் வைத்தேன். தம்பி பக்கத்தில் நின்று சிரித்தானே தவிர, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, பொட்டு வைத்துவிட்டு மகளோடு நாமக்கல் கிளம்பினேன். முன்னால் மரவள்ளிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. அதுவரை அந்த பிரேக்குக்கு அவசியம் வந்ததில்லை. தம்பி சொன்னபடி வண்டியே வேகத்தைக் குறைக்கும் என்று இருந்தேன். குறைக்கவில்லை. "அம்மா!" என்று கீர்த்தனா கத்தினாள். நான் பிரேக்கை மிதிப்பதற்குள் காரின் இடது பக்கம் டிராக்டரின் டிரெய்லருக்குள் போய்விட்டது. எனக்குக் கீறல்தான். அவளுக்குத் தலையிலும் இடுப்பிலும் அடி.

தம்பி ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தான். வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: "நீ கேமராகிட்டப் போயி சந்தனத்தை அப்பி வெச்சிருக்கறேக்கா. அதுக்குக் கண்ணு எப்படித் தெரியும்?" வீட்டுக்காரரிடமும் போனில் இதையே சொல்லியிருக்கிறான். அவர் என்னைக் கூப்பிட்டு, "பொட்டை வேற எங்கயாச்சும் வெச்சிருக்கலாமில்ல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் கீர்த்தனா கண் திறந்தாள். அம்மனுக்கு நன்றி சொல்லக்கூட எனக்கு நேரம் கிடைக்கவில்லை. "பொட்டு வெச்சதுனாலயாம்மா? மாமா சொல்லிட்டு இருந்தது காதுல விழுந்துச்சே" என்று கேட்டாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. எந்தச் சாமியை நம்பிப் பொட்டு வைத்தேனோ, அதுவே என் பிள்ளையை அடித்துவிட்டதா? இத்தனை வருஷம் விளக்குப் போட்டதற்கு இதுதான் கூலியா? நெற்றிக்குக் குங்குமம் இட்டுக்கொள்ளவும் கை கூசியது.

மகளை வார்டுக்கு மாற்றிய பிறகு, காலையில் எங்கள் குலதெய்வம் செல்லாண்டியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்தேன். எங்கள் பக்கத்தில் பூக் கேட்போம். அம்மன் தலையில் பூவை வைத்து, வலப்பக்கம் விழுந்தால் ஆமாம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை என்று எடுத்துக்கொள்வோம். "என் பொட்டுதான் காரணமென்றால் சொல்லிவிடு. இனி உன் வாசலை மிதிக்க மாட்டேன்" என்று வேண்டினேன். அது வேண்டுதல்கூட இல்லை, சண்டை. பூ எந்தப் பக்கமும் விழவில்லை. வைத்த இடத்திலேயே இருந்தது. "இன்னைக்கு உத்தரவு இல்லீங்கம்மா, இன்னொரு நாளைக்கு வாங்க" என்றார் பூசாரி. நீயும் வாயை மூடிக்கொண்டாயா என்று அம்மனைத் திட்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

வார்டு வாசலில் தம்பி பெண்டாட்டி பூங்கொடி நின்றிருந்தாள். தனியாக, தலைகூடச் சரியாக வாராமல். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"பொட்டுனால இல்லீங்க அண்ணி. அது ஏற்கனவே அடிபட்ட வண்டிங்க. முன்னாடி பம்பருக்குள்ள இருந்த சென்சார் ஒடைஞ்சு போச்சுங்க. அவரு புதுசு மாத்தாம பெயின்ட் மட்டும் அடிச்சு, எச்சரிக்கை லைட்டும் எரியாத மாதிரி ஆளை வெச்சு செஞ்சுட்டாருங்க. எனக்கும் தெரியுமுங்க."

"இத்தனை நாள் இல்லாம இன்னைக்கு ஏன் கண்ணு சொல்ற?"

"காலையில அடுப்புல சோறு வெந்துட்டு இருந்துச்சுங்க. திடீர்னு கையே ஓடலீங்க. அடுப்பை அமத்திட்டு பஸ் ஏறிட்டேன்."

நான் அம்மன் முன்னால் சண்டை போட்டுக்கொண்டிருந்த அதே காலைநேரம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வண்டியைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்கும் அதையே சொன்னார். சந்தனம் கேமராவை மறைக்கவே இல்லை, பிரேக் போடச் சொல்ல வேண்டிய சென்சார்தான் அங்கே இல்லை.

தம்பியை நேரில் கேட்டேன். "இப்படி ஆகும்னு நெனைக்கலைக்கா. அந்த நேரத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன்" என்றான். "உன்ற வாய்க்கு வந்தது என்ற சாமியாடா?" என்றேன். அடிபட்ட வண்டியை விற்றதுகூட என்றாவது ஆறலாம். என் பிள்ளை என் முகத்தைப் பார்த்து அப்படிக் கேட்டாளே, அது ஆறவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை, தாயே.

கீர்த்தனா இப்போது ஊன்றுகோல் இல்லாமல் நடக்கிறாள். சென்சார் மாற்றிய அதே காரைத்தான் ஓட்டுகிறேன். பொட்டு வைக்கிறேன், ஸ்டேரிங்கையும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன். சகோதரிகளே, உங்கள் பக்தியைக் காட்டி யாராவது உங்கள் மேல் பழி போட்டால் உடனே ஒடிந்து போகாதீர்கள். அம்மனிடமே போய் முட்டுங்கள், திட்டுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

வருகிற தையில் கீர்த்தனாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் யார் கொண்டு வருவது என்று வீட்டில் பேச்சு வந்தது. சீர்த்தட்டைப் பூங்கொடி தூக்கிக்கொண்டு முன்னால் வரட்டும், தம்பி வருவதானால் அவளுக்குப் பின்னால் வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.