வீட்டில் தங்கிய ஜப்பான்காரர்

மகனுடைய நூல் மில்லில் புது இயந்திரங்களை ஓட்ட ஒரு ஜப்பானியப் பொறியாளரை வேலைக்கு எடுத்தோம். வேலை விசா, ஒப்பந்தம் எல்லாவற்றையும் மகன் வரிவரியாகச் சரிபார்த்திருந்தான். லாட்ஜ் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று நான்தான் அவரை வீட்டில் தங்கவைத்தேன்.

மூன்றாம் நாள் போலீஸ்காரர் வந்தார். "வெளிநாட்டுக்காரவுக தங்குனா ஒரு நாளுக்குள்ள ஆன்லைன்ல பதியணும். லாட்ஜுன்னா அவுக செஞ்சிருப்பாக. வீடுன்னா நீங்கதான செய்யணும்?"

"விருந்தாளிக்குமா சார்?"

"விருந்தாளின்னு பாஸ்போர்ட்ல போட்டிருக்கா? வீடு மகன் பேருல இருக்கு. கேஸும் அவரு மேலதான் வரும்."

உடனே மகனைக் கூப்பிட்டேன். மகன் அங்கேயே உட்கார்ந்து பதிந்தான். தாமதத்துக்கான விளக்கக் கடிதத்தை நான் எழுதினேன். எச்சரித்து விட்டுவிட்டார்கள்.

அடுத்து இன்னொரு பொறியாளர் வந்தபோது மகனிடம் சொன்னேன்: "மொதல்ல பாஸ்போர்ட்ட வாங்கிப் பதிஞ்சிரு. பெறகு இலை போடுறேன்."