என் லென்ஸ் மாட்டாத கேமரா

லூர்து போய்விட்டான். போட்டோகிராபர் லூர்து... நம்ம ஆளு.

காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவன் மகன் போன் பண்ணினான்.

எல்லாரும் ஃபேஸ்புக்கில் ஆர்ஐபி போடுகிறீர்கள். போடுங்கள். நான் இன்னும் போடவில்லை. எனக்கு அவன் மேல் கோபம். அவனிடம் கேட்க ஒரு கேள்வி வைத்திருந்தேன்... கேட்பதற்குள் போய்விட்டான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் செராமிக் கம்பெனிகளுக்கு ஜாடி, பொம்மை, விளக்கு எல்லாம் போட்டோ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அவன் கல்யாணம், ஞானஸ்நானம் எடுத்துப் பழகிய ஆள். நான் கம்பெனியில் ஜாடிக்குப் பளபளப்பு வர அதைப் பாலிஷ் கரைசலில் முக்கி எடுத்தே ரிட்டயர் ஆனவன். எட்டாவது தாண்டவில்லை, அதனால் இங்கே எழுத்துப்பிழை இருந்தால் என் போனைத் திட்டுங்கள்.

டிஜிட்டல் கேமரா வாங்கலாம் என்று இரண்டு பேரும் ரயிலேறி மெட்ராஸ் போனோம். கடைக்காரர் மெகாபிக்சல் மெகாபிக்சல் என்று மூச்சு விடாமல் பேசினார். லூர்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு என் காதில் சொன்னான்.

"கலியா, கேமரா சாதாரணமா இருந்தா போதும்டா. லென்ஸுலதான் எல்லாம் இருக்குது."

அங்கேயே பங்கு போட்டோம். கேமரா அவனுடையது. கிட்டத்தில் வைத்து எடுக்கிற மேக்ரோ லென்ஸ் என்னுடையது. அவன் கேமரா இல்லாமல் என் லென்ஸ் வெறும் கண்ணாடி, என் லென்ஸ் இல்லாமல் அவனால் ஜாடியைப் படம் எடுக்க முடியாது. யாருக்கு வேலை வந்தாலும் இரண்டு பேரும்தான் போவது என்று பேச்சு. புருஷன் பொண்டாட்டிகூட இவ்வளவு கட்டுப்பட்டு இருக்க மாட்டார்கள் என்று கடைக்காரர் எதிரிலேயே அவனை ஓட்டினேன்.

ஜாடியைப் படம் பிடிப்பது லேசில்லை. ஃபிளாஷ் அடித்தால் நடு வயிற்றில் வெள்ளையாக ஒரு பொட்டு விழும். ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் வைத்தால் வெளிச்சம் அழகாக வரும்... ஆனால் எடுக்கிறவன் மூஞ்சி ஜாடியில் தெரியும்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். என்னுடைய வெள்ளை வேட்டி ஒன்றில் லென்ஸ் நுழைகிற அளவுக்கு ஓட்டை போட்டோம். நான் அதை விரித்துப் பிடிக்க, அவன் பின்னால் நின்று ஓட்டை வழியாக எடுப்பான். ஜாடியில் வெள்ளை மட்டும்தான் தெரியும்.

"ஆட்டாத பிடிடா, ஜாடில அலையடிக்குது" என்பான்.

"வேட்டியவும் குடுத்துட்டு ஒங்கிட்ட திட்டும் வாங்கணுமா?" என்பேன்.

ஃபோகஸுக்கு என் லென்ஸின் வளையத்தைத் துளித்துளியாகத் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அப்போது பார்த்துத்தான் நான் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைப்பேன். படம் ஆடிவிடும். மறுபடியும் முதலிலிருந்து...

நாலு நாள் முன்னால் கம்பெனி ஓனர் தன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் புது ஊறுகாய் ஜாடி ஒன்றைப் போட்டிருந்தார். நல்ல படம். யார் எடுத்தது என்று பெரிசு பண்ணிப் பார்த்தேன்.

ஜாடி வயிற்றில் ஒரு ஆள். வளைந்து தெரிந்தாலும் லூர்து எப்போதும் போடுகிற அந்தத் தொப்பி எனக்குத் தெரியாதா... எதிரில் ஸ்டாண்டு, அதன்மேல் கைக்கு அடக்கமாகப் புது கேமரா. வேட்டி பிடிக்கப் பக்கத்தில் யாரும் இல்லை.

மிர்ரர்லெஸ் என்கிற புது ரகம். அதில் லென்ஸ் மாட்டுகிற வாய் வேறு, என் லென்ஸ் நேராக மாட்டாது. நடுவில் ஒரு வளையம் வாங்கிப் போட்டால் மாட்டும். அதைக்கூட அவன் என்னிடம் கேட்கவில்லை.

ஓனருக்குப் போன் பண்ணினேன். கொஞ்ச நாளாக லூர்து தனியாகத்தான் வந்து எடுக்கிறான் என்றார். உங்களுக்குத் தெரியாதா என்று வேறு கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

அன்று சாயங்காலமும் டீக்கடையில் என் எதிரில் உட்கார்ந்து சொல்கிறான்... "வேலையே இல்லடா கலியா. எல்லாம் மொபைல்லயே எடுத்துக்கறானுங்க."

டீக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவான், நாலு பேர் எதிரில் அந்தப் படத்தைக் காட்டி மானத்தை வாங்கலாம் என்று இருந்தேன். நாளைக்குத்தான் ஞாயிறு.

மாலை வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். ஐஸ் பெட்டிக்குள் நல்ல பிள்ளை மாதிரி கிடந்தான். குனிந்து கேட்டே விட்டேன். "ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

அவன் சம்சாரம் ரெஜினா காதில் விழுந்துவிட்டது. எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றது.

"அண்ணே... கொஞ்ச நாளாவே அவருக்குக் கை நடுங்குதுண்ணே. ஒங்க லென்ஸத் திருப்ப முடியல. புது கேமராவுல வெரலால தொட்டா போதும், அதுவே ஃபோகஸ் பண்ணிக்குது."

அதை என்னிடம் சொல்வதற்கு என்ன என்றேன்.

"டீ மாஸ்டருக்குக் கை ஆடுதுன்னு டிஸ்கோன்னு பேரு வெச்சீங்க இல்ல... அந்த மாஸ்டரு பேரே இப்ப அதுதான. கலியனுக்குத் தெரிஞ்சா எனக்கும் ஒண்ணு வெச்சிடுவான், வாயத் தொறக்காதன்னாருண்ணே."

வெளியே வந்து பந்தலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

பேர் வைத்திருப்பேன்தான். ஊர் பூராவும் கூப்பிட்டிருப்பேன்தான். அதுக்காக என்னை ஒதுக்கிவிட்டுத் தனியாகப் போய் நிற்பாயா... எங்கிட்டயே பொய் சொல்லுவியாடா...

வாங்கி வந்த மாலை இன்னும் பையிலேயே இருக்கிறது. போட மனசு வரவில்லை.

சாயங்காலம் கோயிலில் பூசை, அப்புறம் கல்லறைக்கு எடுத்துப் போகிறார்கள். வருகிறவர்கள் வாங்க. அதற்குள் போட்டுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

போயிட்டு வாடா லூர்து.