அவசரம் இல்லாத நாற்காலிகள்

சித்தூர் கிரீம்ஸ்பேட்டையில் லோயிஸைத் தெரியாதவர்கள்கூட அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் 'லோயிஸ் டென்ட் ஹவுஸ்' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதியிருக்கும். வெயில் ஏறினால் அது சட்டையில் ஒட்டிக்கொண்டு கல்யாண வீட்டிலிருந்து ஊரெல்லாம் போகும்.

அவள் வீட்டில் முதல் பட்டதாரி. பி.காம். முடித்ததும் ஏதாவது ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே உட்காருவாள் என்று நைனா எதிர்பார்த்தார். அவளோ ஊரையே உட்காரவைக்கிற தொழிலில் இறங்கிவிட்டாள். இறங்கிய நாளிலிருந்து ஒரே சந்தேகம். தான் நிஜமாகவே முதலாளிதானா, இல்லை நாற்காலி அடுக்குகிற பெண்ணா? முதலாளியின் முகம் எப்படி இருக்கும் என்று கண்ணாடி முன்னால் முயன்று பார்த்தாள். கண்டிப்பான முகம் வைத்தால் வயிற்றுவலிக்காரி மாதிரி இருந்தது.

அதனால் தலைமைப் பண்பு பற்றிய வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தாள். அவற்றில் ஒன்று அவள் மனதில் அப்படியே பதிந்துபோனது: நல்ல தலைவர் ஐந்து நொடியில் முடிவெடுப்பார், யாரிடமும் இரண்டாம் தடவை கேட்க மாட்டார்.

அவளுடைய படை மொத்தமும் சீனு ஒருவர்தான். வேன் ஓட்டுவதும், பந்தல் கட்டுவதும், அவள் கைவேலையாக இருக்கும்போது போன் எடுப்பதும் அவரே. அவளைவிடப் பதினைந்து வயது பெரியவர். வீட்டில் தெலுங்கு, அவளிடம் தமிழ், அவசரத்தில் இரண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. பேசியவர் சபை மூப்பர் பிரகாசம். மறுநாள் சர்ச் வளாகத்தில் அவர் மகளுக்குக் கல்யாணம்; நாற்காலிக்கு லோயிஸிடம் முன்பே சொல்லிவைத்திருந்தார். சீனு போனை வைத்துவிட்டு, தார்ப்பாய்க் குவியலுக்குப் பின்னாலிருந்து கத்தினார்: "பிரகாசம் சாரு, லோயிஸ்மா! நாற்காலி அவசரம் லேதன்ட்டம்மா!"

தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. தமிழில் அவசரம் என்றால் அவசரம்தான். பிரகாசம் தமிழில் 'அவசரம் இல்ல' என்றிருந்தார். சீனு அந்த 'இல்ல'யை மட்டும் தெலுங்காக்கிவிட்டு மற்றதைத் தொடாமல் விட்டுவிட்டார். லோயிஸ் காதில் நாற்காலியே தேவையில்லை என்று விழுந்தது.

திரும்ப ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். அவள் மனதுக்குள் ஐந்து எண்ணினாள். "வேற எங்கயோ புக் பண்ணிட்டாரு போல. வுடுங்க சீனண்ணா."

முடிவெடுத்த சந்தோஷம் தீர்வதற்குள் திருப்பதியிலிருந்து கிஷோர் வந்து நின்றார். 'தொழில் தலைவர் ஆவது எப்படி' என்று சித்தூரில் மறுநாள் பயிற்சி முகாம் நடத்துகிறவர். அவருடைய மண்டபத்தில் மேடை இருந்தது, மைக் இருந்தது, நாற்காலி இல்லை. லோயிஸ் எல்லா நாற்காலிகளையும் அனுப்பினாள். முன்வரிசையில் தனக்கும் ஒன்றைப் போட்டுக்கொண்டாள்.

காலையில் கிஷோர் கோட்டு போட்டுக்கொண்டு எல்லாரையும் குதிக்கவைத்தார், பக்கத்திலிருப்பவரைக் கட்டிப்பிடிக்கவைத்தார். பிறகு கேட்டார்: "நடுக்கடல்ல கப்பல் கவுறுது. தலைவர் என்ன செய்வார்?"

லோயிஸின் போன் அடித்தது.

"ஏம்மா, மாப்பிள்ள வூட்டாருங்க வந்துட்டாங்க. எல்லாரும் நின்னுக்கினு கீறாங்க. நாற்காலி எங்க?"

"நீங்கதானே அங்கிள் வேணாம்னீங்க?"

"யாரு சொன்னா? அவசரம் இல்ல, ஒம்பது மணிக்கு வந்தா போதும்னேன்!"

பிரகாசம் முகம் சுளித்தால் டிசம்பரில் கிறிஸ்மஸுக்கு எந்தச் சபையும் கூப்பிடாது. டிசம்பர் இல்லாவிட்டால் டென்ட் ஹவுஸே இல்லை. வாசலில் நின்ற சீனு அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு தலையில் கை வைத்தார்.

அவள் மேடை ஏறி மைக்கை வாங்கினாள். "எல்லாரும் எந்திரிங்க. அவங்கவங்க நாற்காலிய எடுத்துக்கினு போய் வாசல்ல கீற வேன்ல ஏத்துங்க. இது பயிற்சி இல்லீங்க. நெஜமாவே ஒரு கல்யாணம் நின்னுக்கினு கீது."

மண்டபம் அதிரக் கைதட்டல்.

"அப்பா, எவ்ளோ தத்ரூபமா செய்யறாங்க!" என்றார் ஒரு சிமென்ட் வியாபாரி, நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டே.

"நாம எங்க உக்கார்றது?" என்றார் ஒருவர்.

"தலைவருங்க உக்கார மாட்டாங்கய்யா, நட!"

கிஷோர் அவள் காதருகே வந்தார். "மேடம், இது என் ஸ்லைட்லயே இல்லியே!"

"என்னுதுலயும் இல்ல சார்."

பயிற்சியின் இரண்டாம் பாகம் சர்ச்சில்தான் என்று நம்பி, டை கட்டிய நான்கு பேர் வேனிலேயே தொற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். வந்தவர்கள் நூல் பிடித்தாற்போல வரிசை போட்டார்கள். மாப்பிள்ளையின் தாத்தா முதல் ஆளாக உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

பிரகாசம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "நேத்து போன எடுத்தவன் யாரு? அந்த டிரைவர் தானே? வரச் சொல்லு அவன!"

சீனு வேனின் பின்சக்கரத்துக்கு அந்தப்பக்கம் குனிந்தார். அவ்வளவு பெரிய உடம்பு ஒரு சக்கரத்துக்குப் பின்னால் அடங்கவில்லை.

"எடுத்தது அவருதான் அங்கிள். தப்பு என்னுது. ஒரு வார்த்த உங்கள திருப்பிக் கேட்டிருக்கணும். கேக்கல."

பிரகாசம் வழியெல்லாம் ஒரு டிரைவரைத் திட்டுவதற்குத் தயாராக வந்திருந்தார். அந்தத் திட்டு ஒரு பெண்பிள்ளைக்குப் பொருந்தவில்லை. "மாப்பிள்ளயோட தாத்தா அர மணி நேரமா நின்னாரு, தெரியுமா?"

"அவருகிட்டயே போய் மன்னிப்பு கேக்கட்டுமா?"

"வேணாம், அவருக்குக் காது கேக்காது. நீ மன்னிப்பு கேட்டா அவரு ஆசீர்வாதம் பண்ணிடுவாரு." பிரகாசத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்கக் குரலை உயர்த்தினார். "கிறிஸ்மஸ் கூட்டத்துக்கு நீயே நேர்ல வந்து பேசு. போன்ல பேசுனா தோல உரிச்சிடுவேன்!"

அவர் போனதும் சீனு சக்கரத்துக்குப் பின்னாலிருந்து எழுந்தார். "என்னிய மாட்டி வுட்டிருந்தா உனக்குத் திட்டே இல்லியேம்மா."

"தோணலண்ணா," என்றாள் லோயிஸ். அது தலைமைப் பண்பா, வெறும் பதற்றமா என்று அவளுக்கே தெரியவில்லை. யோசித்துப் பார்க்கலாம் என்று நினைப்பதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. டைக்காரர்கள் நால்வரும் எதிரே வந்து நின்றார்கள்.

"மேடம், அடுத்த ஆக்டிவிட்டி?"

பந்தி விரித்துவிட்டிருந்தார்கள். பரிமாற ஆள் போதவில்லை. அவள் பிரியாணி அண்டாவைக் கைகாட்டினாள். நால்வரும் டையைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.